நாற்காலி போடுகிற பிள்ளைகளுக்கு நாற்காலி கொடுத்தவர்களுக்கு

அன்புக்குரிய எங்கள் பங்கு மக்களுக்கும், பக்கத்து ஊர்க்காரர்களுக்கும், கடல் கடந்து வேலை பார்க்கிற நம் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

நவம்பரில் வரும் கிறிஸ்து அரசர் ஞாயிறன்று நம் கோயில் பங்கில் நடந்த மறைவட்ட இளைஞர் நாள் நல்லபடியாக முடிந்தது. நன்றியுரை சொல்ல என்னை மேடைக்குக் கூப்பிட்டார்கள். நன்றியுரை என்றால் நம் ஊரில் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். பாதிப் பேர் செருப்பைத் தேடுவார்கள், மீதிப் பேர் பிரியாணி அண்டாப் பக்கம் நகர்வார்கள். நானும் நாலு வரி சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன். சொல்லாமல் விட்டதுதான் அதிகம். அதனால்தான் இந்த மடல்.

பந்தல் போட்டவர், மைக் செட் வைத்தவர், சமையல்காரர் எல்லோருக்கும் அன்றே கைகூப்பி நன்றி சொல்லிவிட்டோம். இங்கே நான் எழுத நினைப்பது வேறு சிலருக்கு. தங்கள் கையில் இருந்த ஏதோ ஒன்றை விட்டுக்கொடுத்துப் பிள்ளைகளுக்கு இடம் ஒதுக்கியவர்களுக்கு. அவர்களில் பலர் அன்று மேடைக்கு எதிரில்கூட இல்லை.

குமரிக் கடற்கரைப் பங்குகளில் இளைஞர் இயக்கம் என்றால் காலங்காலமாக ஒரே வேலைதான். திருவிழாவுக்குத் தோரணம் கட்ட வேண்டும், சப்பரம் தூக்க வேண்டும், டிசம்பரில் குடில் போட வேண்டும், யார் வந்தாலும் நாற்காலி போட வேண்டும், போனபிறகு அடுக்கி வைக்க வேண்டும். இதில் தப்பு ஒன்றும் இல்லை, உடம்பு வணங்கி வேலை செய்வதும் நல்லதுதான். ஆனால் என்ன விழா, எவ்வளவு செலவு, யாரைக் கூப்பிடுவது என்று பேசும் இடத்தில் அந்தப் பிள்ளைகள் இருக்க மாட்டார்கள். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் வந்தபோது, கடலுக்குப் போய்த் திரும்பாதவர்கள் பெயரை வீடு வீடாக ஏறி இறங்கி எழுதியது இவர்கள்தான். எந்தப் படகில் யார் யார் என்று அதிகாரிகளுக்குச் சொன்னதும், நிவாரணச் சாமான்களை இறக்கி ராத்திரி முழுக்கப் பிரித்துக் கொடுத்ததும் இவர்கள்தான். எல்லாம் முடிந்ததும் தட்டிக்கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டோம். ஆபத்து வந்தால் இளைஞர்கள் வேண்டும், கணக்கு வந்தால் பெரியவர்கள் போதும் என்பது நம் பழக்கமாக இருந்தது. அப்புறம் இயக்கக் கூட்டத்துக்கு ஆள் வரவில்லை என்று நாமே குறைப்பட்டுக்கொண்டோம்.

இந்தப் பழக்கத்தில் முதலில் கை வைத்தது சென்ற மே மாதம் மாற்றலாகிப் போன நம் பங்குத்தந்தை. ஃபாதர், உங்களுக்கு முதல் நன்றி. 2018 அக்டோபரில் உரோமையில் இளையோரைப் பற்றி ஆயர் மாமன்றம் கூடியது. அதன்பின் 2019 மார்ச்சில் மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 'கிறிஸ்து வாழ்கிறார்' என்ற ஊக்கவுரையை எழுதினார். அதன் ஏழாம் அதிகாரம் முழுக்க இளைஞர் பணிதான். இளையோரே இளைஞர் பணியைச் செய்கிறவர்கள், கூட நின்று வழிகாட்டுங்கள், ஆனால் அவர்கள் துணிந்து புதிதாகச் செய்வதற்கு விட்டுவிடுங்கள் என்பதுதான் அதன் சாரம். இதையெல்லாம் மறையுரையில் சொல்லி முடித்துவிடுகிறவர்கள் உண்டு. நீங்கள் பங்குப் பேரவைக் கூட்டத்தில் எங்களை உட்கார வைத்து அந்த அதிகாரத்தை வாசிக்கச் சொன்னீர்கள். முக்கால் மணி நேரம் ஆனது, சிலருக்குக் கொட்டாவியும் வந்தது. வாசித்து முடித்ததும், 'சரி, நம்ம பேரவையில இருபத்தஞ்சு வயசுக்குக் கீழ யாரு இருக்கா?' என்று ஒரே ஒரு கேள்வி கேட்டீர்கள். பதில் சொல்ல ஆளில்லை.

அன்று பேரவையில் இரண்டு இடம் இளையோருக்கு என்று முடிவானது. அந்த இடங்கள் சும்மா முளைத்துவிடவில்லை. பல வருடமாக அங்கே உட்கார்ந்திருந்த இரண்டு பேர் தாங்களாக எழுந்து கொடுத்தார்கள். அவர்களில் ஒருவர் எனக்கு மாமா முறை. 'நான் செத்தாத்தான் இந்த நாற்காலி காலியாவும்னு நினைச்சிருப்பிய' என்று சிரித்துக்கொண்டே சொன்னார். மாமா, பேரைப் போடக் கூடாது என்று சொல்லிவிட்டீர்கள், போடவில்லை. ஆனால் ஊருக்குத் தெரியும்.

பொருளாளர் அண்ணனுக்கு நன்றி சொல்ல இந்த மடல் போதாது. திருவிழாக் கணக்கு நோட்டு என்பது நம் ஊரில் நற்கருணைப் பேழைச் சாவிக்கு அடுத்தபடியாகப் பூட்டி வைக்கிற பொருள். அதை விரித்து, கல்லூரியில் வணிகவியல் படிக்கிற ஒரு பெண்பிள்ளையின் முன்னால் வைத்து, வரவு எங்கே எழுதுவது, அன்பியம் (பக்கத்து வீடுகள் சேர்ந்த குழு) வாரியாக வரி எப்படிப் பிரிப்பது, ரசீது இல்லாத செலவை என்ன செய்வது என்று பல வாரம் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். போன திருவிழாவின் கணக்கை அந்தப் பிள்ளைதான் பலகையில் எழுதி ஒட்டியது. முதல் தடவையாக ஒருவரும் சண்டைக்கு வரவில்லை. (ஒருவர் வந்தார், ஆனால் அவர் வருடாவருடம் வருகிறவர்.)

பிறகு கால்பந்துத் திடல். ஞாயிறு திருப்பலிக்கு வந்தும் உள்ளே வராமல், வெளியே பைக்கில் சாய்ந்து நின்றபடி திருப்பலி 'பார்க்கிற' பையன்கள் நம் எல்லாப் பங்கிலும் உண்டு. அவர்களை உள்ளே வரச் சொல்லி நான் திட்டாத திட்டு இல்லை. ஃபாதர் திட்டவில்லை. சாயங்காலம் திடலுக்குப் போய் ஓரத்தில் உட்கார்ந்து ஆட்டம் பார்த்தார். அந்த ஊக்கவுரையிலேயே இதைப் பற்றியும் இருக்கிறது. அமைப்புக்குள் வராத இளைஞர்களை அவர்கள் இருக்கிற இடத்தில் தேடிப் போகவும், அவர்களுக்குள் இயல்பாகவே தலைவனாக இருக்கிறவனை அடையாளம் காணவும் சொல்கிறது. நம் திடலில் அந்தத் தலைவன் அணியின் கேப்டன். அவன் ஒரு வார்த்தை சொன்னால் இருபது பேர் வருவார்கள், நான் நோட்டீஸ் அடித்தால் நாலு பேர் வருவார்கள். கேப்டன் தம்பிக்கு என் நன்றி. இளைஞர் நாளுக்கு வந்த அத்தனை வண்டிகளையும் கடற்கரைச் சாலையில் நெரிசல் இல்லாமல் நிறுத்த வைத்தது அவன் ஆட்கள்தான். இன்னும் அவர்களில் பாதிப் பேர் திருப்பலிக்கு வெளியேதான் நிற்கிறார்கள். இருக்கட்டும். இப்போது பைக்கை விட்டுவிட்டு வராந்தா வரைக்கும் வந்திருக்கிறார்கள்.

பெண்பிள்ளைகள் விஷயம் வேறு. அவர்களுக்கு ஆர்வம் எப்போதும் உண்டு, இருட்டினால் வீட்டில் விடமாட்டார்கள் என்பதுதான் சிக்கல். கூட்டமோ சாயங்காலம்தான் வைக்க முடியும். அதற்கு வழி கண்டது எங்கள் தையல் கடை மைனி (அண்ணி). கூட்டம் நடக்கிற நாளெல்லாம் பழைய வாசகசாலை வராந்தாவில் ஒரு நாற்காலி போட்டு, மடியில் துணியை வைத்துப் பொத்தான் தைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். 'மைனி இருக்கா' என்ற ஒரு வார்த்தைதான் அம்மாக்களுக்கு உத்தரவாதம். முடிந்ததும் ஒவ்வொரு பிள்ளையையும் தெருமுனை வரை கொண்டு விடுவார். மைனி, பொது வேலை என்றால் மைக் முன்னால் நிற்பதுதான் என்று நினைக்கிறவர்கள் உங்களை ஒருநாள் வந்து பார்க்கட்டும். நம்பி அனுப்பிய அம்மாக்களுக்கும் அப்பாக்களுக்கும் என் நன்றி.

விசைப்படகு உரிமையாளர்களுக்கு. பல நாள் கடலிலேயே தங்கி மீன் பிடிக்கத் தங்கல் போகிற பையன்களுக்குக் கரையில் இருக்கும் நாள்களே கொஞ்சம். இளைஞர் நாள் வாரத்தில் படகுகள் முந்தியே கரை வந்து சேரும்படி நாள் பார்த்து அனுப்பினீர்கள். அதில் உங்களுக்கு நட்டம் உண்டு என்று எனக்குத் தெரியும்.

நாகர்கோவிலில் பயிற்சி வகுப்பு நடத்துகிற ஒரு ஆசிரியருக்கும் நன்றி சொல்ல வேண்டும். பிளஸ் டூ பிள்ளைகளுக்கு நீட் வகுப்பு என்றால் ஞாயிறு காலைதான் என்று ஆகிவிட்டது. கோயில், மறைக்கல்வி, இயக்கம் எல்லாம் அதோடு போய்விடுகிறது. அவர் நம் மதத்தைச் சேர்ந்தவர் அல்ல. பிள்ளைகளே போய்க் கேட்டபோது, 'கும்பிட வேண்டிய நேரத்துல கும்பிட்டுட்டு வாங்க' என்று வகுப்பை மதியத்துக்கு மாற்றினார். நம்மவர்களே மாற்றாததை அவர் மாற்றினார் என்பதையும் எழுதிவிடுகிறேன், யாராவது கோபப்பட்டாலும் பரவாயில்லை.

நம் கன்னியர் மடத்துச் சிஸ்டருக்கு. பாடத்திட்டம் போல் பக்தி சொல்லிக் கொடுக்காமல் ஆட்களைப் பற்றிச் சொல்வது சிஸ்டரின் வழக்கம். தூரின் நகரத்துப் பியர் ஜோர்ஜியோ ஃப்ரசாத்தியைப் பற்றி ஒருநாள் சொன்னார். வசதியான வீட்டுப் பையன், மலையேறுவதில் பிரியம், வின்சென்ட் தே பவுல் சபையில் சேர்ந்து ஏழைகள் வீட்டுப் படியேறினார், 1925 இல் 24 வயதில் இறந்தார். கதை முடிந்ததும் ஒரு பையன், 'நம்ம ஊர்லயும் படுக்கையில கெடக்கிறவங்க இருக்காங்களே சிஸ்டர்' என்றான். ஞாயிறு மதியம் நோயாளிகள் வீட்டுக்குப் போகிற வழக்கம் அப்படித்தான் தொடங்கியது. சும்மா போய் உட்கார்ந்து பேசுவார்கள், மாத்திரைச் சீட்டை வாசித்துச் சொல்வார்கள், வெளிநாட்டுப் பேரனுக்கு வீடியோ கால் போட்டுக் கொடுப்பார்கள். 2025 செப்டம்பர் 7 அன்று இத்தாலியச் சிறுவன் கார்லோ அக்குதிசோடு ஃப்ரசாத்தியும் புனிதராக அறிவிக்கப்பட்டபோது, நம் பிள்ளைகள் தங்களுக்குத் தெரிந்த அண்ணனுக்கு வேலை கிடைத்ததுபோல் கொண்டாடினார்கள்.

இது நம் கரைக்குப் புதிய சங்கதியும் அல்ல. 1542 இல் முத்துக்குளித்துறைக்கு வந்த சவேரியார், மணி அடித்துக்கொண்டே தெருவில் நடந்து பிள்ளைகளைத்தான் முதலில் கூட்டினார். நோயாளிகளுக்குச் செபிக்க வரச் சொல்லி எல்லா வீட்டிலிருந்தும் அழைப்பு வந்து தன்னால் போக முடியாதபோது, தான் செபம் சொல்லிக் கொடுத்த பிள்ளைகளையே தன் இடத்துக்கு அனுப்பினார். டிசம்பர் 3 அன்று கோட்டாறு கோயிலில் நெரிசலில் நிற்கிறோமே, அந்தச் சவேரியார்தான். அவருக்கே பிள்ளைகள் மேல் நம்பிக்கை இருந்தது.

பாடகர் குழுப் பெரியவர்களுக்குத் தனி நன்றி. ஆர்மோனியம் இருந்த இடத்துக்குப் பக்கத்தில் கீபோர்டும் டிரம் பேடும் வந்தபோது நீங்கள் முணுமுணுத்தது எனக்குத் தெரியும், காது கேட்டது. ஆனாலும் எழுந்து போகவில்லை. தவக்காலத்தில் பழைய ஒப்பாரி மெட்டுப் பாடல்களை அந்தப் பிள்ளைகளுக்கு நீங்களே சொல்லிக் கொடுத்தீர்கள். இந்த வருடம் பெரிய வெள்ளி அன்று அதைச் சின்னப் பிள்ளைகள் பாடியபோது கோயிலில் அழாத கிழவி இல்லை.

காற்றாடிமலைக்கு நடந்து போனபோது வழியில் மோரும் தண்ணீரும் கொடுத்த உள்ளூர் மக்களுக்கும், கோயில் வளாகத்தில் தங்க இடம் தந்த பங்குக்கும் நன்றி. திருவிதாங்கூர் அரண்மனை அதிகாரியாக இருந்து கிறிஸ்தவரான தேவசகாயம் 1752 ஜனவரி 14 அன்று சுட்டுக் கொல்லப்பட்ட இடம் அது. 2022 மே மாதம் அவர் புனிதரானபோது ஊரெங்கும் ஃப்ளெக்ஸ் வைத்தோம். ஆனால் அவர் சாதி பார்க்காமல் யாரோடு உட்கார்ந்து சாப்பிட்டார், அதனால் யாருக்கெல்லாம் கோபம் வந்தது, நாம் இன்றைக்கு யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறோம் என்று பிள்ளைகள் வழிநெடுகப் பேசிக்கொண்டே வந்தார்கள். கடற்கரை, உள்நாடு என்று பங்குகளுக்குள்ளேயே நாம் போட்டு வைத்திருக்கிற வேலிகளைப் பற்றியும் பேச்சு வந்தது. பெரியவர்கள் நாங்கள் பின்னால் வாயை மூடிக்கொண்டு நடந்தோம்.

குவைத்திலும் துபாயிலும் மஸ்கட்டிலும் இருக்கிற நம் பிள்ளைகளுக்கு: பணம் அனுப்பினீர்கள், சரி. 'ஃப்ளெக்ஸ்ல எங்க படம் வேண்டாம், அந்தக் காசுக்குப் படிப்பகத்துக்கு இன்னொரு ஃபேன் வாங்குங்க' என்று சொன்னீர்களே, அதற்குத்தான் பெரிய நன்றி. ஃபேன் ஓடுகிறது.

ஒரு சின்ன நன்றி உரோமைக்கும். மறைமாவட்ட அளவில் கொண்டாடுகிற உலக இளைஞர் நாள் முன்பு குருத்து ஞாயிறில் வரும். புனித வார வேலைக்கு நடுவே யாருக்கு நேரம்? 2021 முதல் கிறிஸ்து அரசர் ஞாயிறுக்கு மாற்றியது எங்களைப் போன்ற பங்குகளுக்குப் பெரிய உதவி. 2027 ஆகஸ்டில் சியோலில் நடக்கப்போகிற உலக அளவிலான பெரிய கூட்டத்துக்கு நம் ஊரிலிருந்து யாரும் போவார்களா தெரியாது. போகிற வசதி வந்தால், பேச்சுப் போட்டியில் பரிசு வாங்குகிற பிள்ளையை மட்டும் அனுப்பாமல் திடலிலிருந்தும் ஒருவனை அனுப்புங்கள் என்பது என் கோரிக்கை.

இயக்கத்துப் பிள்ளைகளே, உங்களுக்கு நன்றி எழுதவில்லை என்று பார்க்கிறீர்களா? எழுதப் போவதில்லை. இது உங்கள் வீட்டு வேலை. வீட்டு வேலைக்கு யாரும் நன்றி மடல் எழுதுவதில்லை.

புதிய பொறுப்பாளர்கள் ஜனவரி முதல் ஞாயிறு பொறுப்பேற்கிறார்கள். வழிகாட்டி என்ற முறையில் நானும் விலகி, என்னைவிட வயதில் குறைந்த ஒரு ஆசிரியையிடம் ஒப்படைக்கிறேன். அவர் கூப்பிட்டால் வருவேன், கூப்பிடாமல் வரமாட்டேன். இளைஞர் நாளின் வரவு செலவுக் கணக்கு கோயில் பலகையில் ஒட்டியிருக்கிறது, சந்தேகம் இருந்தால் எழுதிய பிள்ளையிடமே கேளுங்கள், நன்றாகப் பதில் சொல்லும். அப்புறம், சமையலுக்கு இரவல் வாங்கிய பாத்திரங்களில் ஒரு பெரிய சருவமும் மூன்று மூடிகளும் வாசகசாலையில் மிச்சம் இருக்கின்றன. யாருடையது என்று தெரியவில்லை. உரியவர்கள் வந்து எடுத்துக்கொள்ளவும்.

அன்புடன்,
பங்கு இளைஞர் இயக்க வழிகாட்டி