குளிரும் நடையும் சேர்ந்தால் இரட்டைப் பலனா?

ஆசிரியருக்கு வணக்கம்.

குளிரில் சக்தியை எரித்து உடம்புக்குச் சூடு தரும் பழுப்புக் கொழுப்பைப் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை நன்றாகவே இருந்தது, ஆனால் கடைசிப் பத்தியில் காலைக் குளிரில் மெல்லிய உடையோடு நடந்தால் பலன் இரண்டு மடங்கு என்று போட்டுவிட்டீர்களே, அது சரியில்லை.

குளிர் பட்டதும் நரம்பு நுனியில் நார்அட்ரினலின் என்ற வேதிப்பொருள் சுரக்கிறது. உடனே பழுப்புக் கொழுப்பு செல்லின் சக்திக்கூடமான மைட்டோகாண்ட்ரியாவில் யுசிபி1 என்ற புரதம் வேலையைத் தொடங்கி, ஏடிபியாக (செல் பயன்படுத்தும் சக்திப் பொருள்) சேர வேண்டிய சக்தியைச் சூடாகவே வெளியே விடுகிறது. பெரியவர்களுக்கும் கழுத்திலும் காறை எலும்புப் பக்கத்திலும் இது நடக்கிறது என்பது 2009இல்தான் உறுதியானது. நெதர்லாந்தில் 24 ஆண்களை 16 டிகிரி குளிரில் வைத்து ஸ்கேன் எடுத்தார்கள், 23 பேருக்குப் பழுப்புக் கொழுப்பு வேலை செய்வது தெரிந்தது. ஆனால் அவர்கள் யாரும் நடக்கவில்லை, சும்மா இருந்தார்கள்.

நடக்க ஆரம்பித்தால் கதையே வேறு. தசை எரிக்கும் சக்தியில் முக்கால் பங்கு சூடாகத்தான் போகிறது, அப்புறம் உடம்பு எதற்காகப் பழுப்புக் கொழுப்பைக் கூப்பிட வேண்டும்? நெடுந்தூர ஓட்டம் மாதிரி பயிற்சியில் ஊறிய ஆண்களைக் குளிரில் சோதித்தபோது, பயிற்சி இல்லாதவர்களைவிட அவர்களுக்கு அது குறைவாகத்தான் வேலை செய்தது. உடற்பயிற்சி, சக்தியைச் சேமித்து வைக்கும் வெள்ளைக் கொழுப்பைப் பழுப்பாக்கும் என்ற நம்பிக்கை பெரும்பாலும் எலிகளிடமிருந்து வந்தது. 2012இல், உடற்பயிற்சியின்போது தசை சுரந்து இப்படிப் பழுப்பாக்குவதாகச் சொன்ன ஐரிசின் என்ற ஹார்மோனைப் பற்றிப் பரபரப்பாகப் பேசினார்கள், மனிதர்களிடம் அது அப்படி வேலை செய்கிறதா என்ற சண்டை அப்போதே தொடங்கிவிட்டது. எலிக்கு 30 டிகிரி பக்கம்தான் சௌகரியம், ஆய்வுக்கூடத்தின் 22 டிகிரியே அதற்குக் குளிர்தான், அதனால் எலி முடிவை நமக்கு அப்படியே பொருத்த முடியாது, இதையும் கட்டுரையில் சொல்லியிருக்கலாம்.

குளிரால் பழுப்புக் கொழுப்பின் வேலை கூடும், அதை மறுக்கவில்லை. ஆனால் 2013இல் அப்படிக் காட்டிய ஆய்வில் இளம் வயதினர் பத்து நாள், தினம் ஆறு மணி நேரம், 15-16 டிகிரியில் இருந்தார்கள். அரைமணி நேர நடையை அதோடு சேர்த்துப் பேச முடியாது. போதாக்குறைக்கு, நெதர்லாந்தில் வாழும் தெற்காசிய வம்சாவளி இளைஞர்களுக்கு அங்குள்ள வெள்ளையரைவிடப் பழுப்புக் கொழுப்பு குறைவு என்று 2014இல் வந்தது.

டெல்லியில் ஜனவரி காலை ஐந்தாறு டிகிரி, மேலே பனிமூட்டமும் புகையும். எங்கள் மயூர் விஹார் பூங்காவில் ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிற மாமா ஒருவர், ஸ்வெட்டரை இடுப்பில் கட்டிக்கொண்டு அரைக்கைச் சட்டையில் நடக்கிறார், விரல் நுனியெல்லாம் வெளுத்துக் கிடக்கிறது. "என்ன மாமா இது?" என்றால் உங்கள் பேப்பரைத்தான் சொல்கிறார். குளிரில் ரத்தக்குழாய் சுருங்கும், அழுத்தம் ஏறும், இதய நோயாளிக்கு அது ஆபத்து. இதைக் கட்டுரை ஒரு வரியிலாவது சொல்லியிருக்க வேண்டாமா?

அடுத்த ஞாயிறே அந்தப் பத்திக்குத் திருத்தம் போடுங்கள், இதய மருத்துவர் ஒருவரிடம் கேட்டு, யார் குளிரில் வெளியே நடக்கலாம், யார் வெயில் வரும்வரை காத்திருக்க வேண்டும் என்று தெளிவாக எழுதுங்கள்.

ஒரு வாசகி,
மயூர் விஹார், டெல்லி