ஆறு நாளில் ஐந்து ஆட்டம்: கதையின் மீதி

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். போன திங்கட்கிழமை காலை வழிபாட்டுக் கூட்டத்தில் பிள்ளைகளுக்கு ஒரு கதை சொன்னேன். மறுநாளே எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவனின் அம்மா என்னைத் தேடி வந்துவிட்டார். "முழங்கால் வீங்கிக் கிடக்கு, ஆனாலும் குறுவட்டப் போட்டிக்குப் போயே தீருவேங்கிறான். நீங்கதான் ஏதோ கதை சொன்னீங்களாமே சார்?" என்றார். சொன்னது உண்மைதான். மணி அடித்துவிட்டதால் பாதியில் நிறுத்தினேன், அது என் தப்பு. மீதியை உங்களுக்கே எழுதிவிடுகிறேன்.

கதை 1899ஆம் ஆண்டு அமெரிக்காவில் நடந்தது. டென்னசி மாநிலத்தில் ஒரு மலைமேட்டில் இருக்கிற சின்ன ஊர் சிவானி. அங்குள்ள கல்லூரியின் ஃபுட்பால் அணி அந்தப் பருவத்தில் 12 ஆட்டம் ஆடி பன்னிரண்டிலும் ஜெயித்தது. எடுத்த புள்ளிகள் 322, விட்டுக்கொடுத்தது வெறும் 10. அந்தப் பத்தும் ஒரே ஆட்டத்தில், ஆபர்ன் அணியிடம் போனவை. அதையும் 11-10 என்று மயிரிழையில் ஜெயித்துவிட்டார்கள். (நம் பிள்ளைகள் ஆடும் கால்பந்து வேறு. இது பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு, முட்டி மோதி முன்னேறுகிற அமெரிக்க ஆட்டம்.)

பிள்ளைகளைக் கிறங்க வைத்தது நடுவில் வரும் ரயில் பயணம். வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தோடு டிக்கெட் வசூலைப் பங்கு பிரிப்பதில் தகராறு வந்து, வழக்கமான ஆட்டம் நின்றுபோனது. அந்த வருமானத்தை ஈடுகட்ட அணியின் மேலாளர் லூக் லீ, ஒரு மாணவர்தான், தெற்கே ஒரு சுற்றுப்பயணம் போட்டார். நவம்பர் 9 ஆஸ்டினில் டெக்சஸ் அணியோடு 12-0. மறுநாள் ஹூஸ்டனில் டெக்சஸ் ஏ அண்ட் எம், 10-0. அதற்கு மறுநாள் நியூ ஆர்லியன்ஸில் டுலேன், 23-0. ஞாயிறு ஓய்வு. திங்கள் பேட்டன் ரூஜில் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகம் (எல்.எஸ்.யு.), 34-0. செவ்வாய் மெம்பிஸில் மிசிசிப்பி, 12-0. சுமார் 4,000 கிலோமீட்டர் ரயிலில் போய், ஆறு நாளில் ஐந்து ஆட்டம் ஆடி, ஒரு புள்ளிகூட விட்டுக்கொடுக்காமல் ஊர் திரும்பினார்கள். வெளியூர்த் தண்ணீர் ஒத்துக்கொள்ளாது என்று சொந்த ஊர் ஊற்று நீரைப் பீப்பாயில் ஏற்றிக்கொண்டு போனார்களாம். ஆனால் காலணிப் பெட்டியை ஸ்டேஷனிலேயே விட்டுவிட்டு, பிறகு தந்தியடித்து வரவழைத்தார்கள் என்றும் சொல்வார்கள்.

அந்த லூக் லீ பின்னாளில் செனட்டர் ஆனார். முதல் உலகப்போர் முடிந்ததும் நெதர்லாந்தில் தஞ்சம் புகுந்திருந்த ஜெர்மன் கெய்சரை, அதாவது பதவியிழந்த பேரரசரைப், பிடித்துவரச் சில சிப்பாய்களோடு காரில் கிளம்பி, வெறுங்கையோடு திரும்பினார். இந்த இடத்தில் ஆறாம் வகுப்புப் பக்கம் எழுந்த சிரிப்பு அடங்க இரண்டு நிமிடம் ஆனது. அங்கேயே மணியும் அடித்துவிட்டது.

சரி, இனி நான் சொல்லாமல் விட்டது.

அந்த அணியின் பலமே ஆர்மண்ட் சிம்கின்ஸ் என்ற வீரர். ஆட்டத்தில் பட்ட காயங்களால் பின்னாளில் கால்களையே இழந்தார். அந்தக் காலத்தில் பந்தை முன்னால் வீசிக் கொடுக்க விதி இடம் தரவில்லை. மூன்று முயற்சியில் ஐந்து கெஜம் நகர்ந்தாலே போதும், பந்து தங்களிடமே இருக்கும் என்பதால், கூட்டமாக ஒருவர்மேல் ஒருவர் பாய்ந்து இடிப்பதே உத்தி. இன்றைக்கு இருக்கிற மாதிரி கெட்டியான தலைக்கவசம் கிடையாது. தாக்குதலுக்கும் தடுப்புக்கும் அதே பதினோரு பேர்தான். 1905இல் மட்டும் இந்த ஆட்டத்தில் பதினெட்டுப் பேராவது செத்துப்போனார்கள். அந்த அக்டோபரில் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட், ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன் கல்லூரிக்காரர்களை வெள்ளை மாளிகைக்கே அழைத்துப் பேசினார். அடுத்த ஆண்டு விதிகள் மாறின. பந்தை முன்னால் வீசலாம், ஐந்துக்குப் பதில் பத்து கெஜம் நகர வேண்டும் என்று ஆனது. ஆட்டத்தை நேசித்தவர்களே ஆட்டத்தைத் திருத்தினார்கள். என் கணக்கில் இந்தக் கதையில் பெரிய வெற்றி அதுதான், ஐந்து ஆட்டம் அல்ல. இதைப் பிள்ளைகளிடமும் வரும் திங்கட்கிழமை சொல்லிவிடுவேன்.

அப்புறம், நம் அணி விஷயம். குறுவட்டப் போட்டியில் ஒரே நாளில் இரண்டு ஆட்டம் வந்தால் எந்தப் பிள்ளையையும் இரண்டிலும் முழு நேரம் ஆட விடமாட்டோம். மாற்று ஆட்டக்காரர்களை இறக்குவோம், அதனால் தோற்றாலும் சரி. வலி, வீக்கம் இருந்தால் உடற்கல்வி ஆசிரியரிடம் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள். சொன்னால் அணியிலிருந்து தூக்கிவிடுவார்கள் என்று பயப்படுகிறார்கள். இடம் எங்கும் போகாது, குணமானதும் வந்து ஆடலாம். முழங்கால் வீங்கிய அந்தத் தம்பியின் பெயரும் பட்டியலில் அப்படியேதான் இருக்கிறது. மருத்துவர் சரி என்று எழுதிக் கொடுக்கும்வரை எல்லைக்கோட்டுக்கு வெளியே என் பக்கத்தில் உட்காருவான்.

ஆடப்போகிற பிள்ளைகளின் ஒப்புதல் கடிதத்தையும் காலணி அளவையும் வெள்ளிக்கிழமைக்குள் கொடுத்தனுப்புங்கள். காலணிப் பெட்டியைப் பேருந்தில் ஏற்றும் பொறுப்பு என்னுடையது.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்