மேட்டில் கெபி கட்டப் போகிறார்களாம்

அன்புள்ள சூசை,

இங்கே எல்லாரும் நலம். அம்மாவின் முட்டிவலி பழையபடிதான். குறுவை நடவு முடிந்தது, கடைமடைக்கும் தண்ணீர் வந்துவிட்டது, நீ நம்ப மாட்டாய். பாஸ்கர் இன்னும் சீட்டுப் பணம் தரவில்லை, இதை நீ நம்புவாய். இதையெல்லாம் போனிலேயே பேசியிருக்கலாம். எழுத உட்கார்ந்தது வேறு விஷயத்துக்காக.

உங்கள் புது மாதா கோயிலுக்குப் போயிருந்தேன். அர்ச்சித்துத் திறந்த அன்றைக்குக் கூட்டத்தில் மாட்ட வேண்டாம் என்று விட்டுவிட்டு, ஒரு புதன்கிழமை சாயங்காலம் போனேன். நன்றாகத்தான் கட்டியிருக்கிறார்கள். பழைய ஓட்டுக்கோயிலில் மழை வந்தால் பீடத்துக்குப் பக்கத்திலேயே வாளி வைப்பார்களே, இனி அந்தக் கவலை இல்லை. கோபுரத்தில் சுற்றிவிட்டிருக்கும் நீல விளக்கு மட்டும் கல்யாண மண்டபத்தை ஞாபகப்படுத்துகிறது. பெஞ்சு, கதவு, தூண், ஒன்று விடாமல் உபயதாரர் பெயர். வலது பக்கம் மூன்றாவது மின்விசிறியில் நீ சுற்றிக்கொண்டிருக்கிறாய், பார்த்துச் சிரித்துவிட்டேன்.

அப்புறம் வடக்குப் பக்கம் போனேன். அஸ்திவாரம் தோண்டும்போது உறைகிணறு கிடைத்தது என்று உன் மச்சான் சொன்னாரே, அதைப் பார்க்கத்தான். சுட்ட மண் வளையங்கள், ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று தெரிகின்றன, கீழே எத்தனையோ. நம்ம வண்டல் மண் சரியாமல் இருக்க அன்றைக்கே கண்டுபிடித்த வழி. மேல் வளையத்தின் விளிம்பில் குயவரின் விரல் அழுத்திய தடம் அப்படியே இருக்கிறது, என் கட்டை விரலை வைத்துப் பார்த்தேன், பொருந்தியது. ஃபாதரும் கொத்தனாரும் சுவரை நாலடி தள்ளிப் போட்டுக் கிணற்றைக் காப்பாற்றியிருக்கிறார்கள், அதற்குக் கையெடுத்துக் கும்பிடலாம். ஆனால் இப்போது அந்த விளிம்பிலேயே மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்கள்டா. கரி பிடித்திருக்கிறது. உள்ளே தண்ணீர் பாட்டில், சில்லறைக் காசு.

அதுகூடப் போகட்டும், துடைத்துக்கொள்ளலாம். கிணற்றுக்குப் பின்னால் இருக்கிற மேடுதான் எனக்குக் கவலை. செப்டம்பர் 8 திருவிழாவுக்குள் அங்கே லூர்து மாதாவுக்குக் குகை மாதிரி கெபி கட்டப் போகிறார்களாம், மேட்டைச் சமன் செய்ய ஜேசிபி சொல்லியாகிவிட்டதாம். பாண்டி ஆட நாம் சில்லு பொறுக்கிய மேடுடா அது. கருப்பு சிவப்பு ஓடு எடுத்துக்கொண்டு போனால் உங்கள் அப்பா 'கட்சிக் கலர்' என்று வாங்கி வைத்துக்கொள்வாரே, அந்த ஓடு சங்க காலத்தது. பானையைக் கவிழ்த்து வைத்துச் சுட்டால் காற்றுப் படாத உள்பக்கம் கருப்பாகவும் வெளிப்பக்கம் சிவப்பாகவும் வரும், அந்த வகை. கீழையூரில் கி.மு. 3ஆம் நூற்றாண்டுச் செங்கல் படகுத்துறையை மரத்தூணோடு தோண்டி எடுத்தார்கள், பூம்புகாருக்குச் சுற்றுலா போனபோது நாமும் பார்த்தோம். நம்ம மேட்டில் என்ன இருக்கிறது என்று யாரும் தோண்டிப் பார்க்கவே இல்லை. மத்திய அரசின் பாதுகாக்கப்பட்ட சின்னம் என்றால் 100 மீட்டருக்குள் எதுவும் கட்டக்கூடாது, அதற்கடுத்த 200 மீட்டருக்கு அனுமதி வாங்க வேண்டும். இந்த மேடு எந்தப் பட்டியலிலும் இல்லை, எனவே ஜேசிபியைத் தடுக்கச் சட்டமும் வராது.

நானே போய்ச் சொல்லியிருப்பேன். சொன்னால் என்ன ஆகும் என்று உனக்கே தெரியும். திருநீறு பூசியவன் வந்து மாதாவுக்குக் கெபி வேண்டாம் என்கிறான் என்று ஆகும். அதைவிட மோசம், ஏற்கெனவே ஒரு வாட்ஸ்அப் குழுவில் 'பழைய கோயிலை மூடிவிட்டுச் சர்ச் கட்டிவிட்டார்கள்' என்று போட்டிருக்கிறார்கள். அங்கே கோயிலும் இருந்ததில்லை, குளமும் இருந்ததில்லை, எவனோ குடும்பம் நடத்திய வீட்டுக் கிணறு அது. பூம்புகார்ப் பல்லவனீச்சரத்தில் சிவன் கோயிலுக்குப் பக்கத்திலேயே புத்த விகாரத்தின் அடித்தளம் கிடக்கிறது, அதற்காக யாரும் கம்பெடுத்துக்கொண்டு போகவில்லை. நம்ம ஊரில் இதுவரை இந்தப் பேச்சு வந்ததே இல்லை சூசை. இந்த ஒரு கிணற்றை வைத்து வந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. எனக்கு ராத்திரி தூக்கம் கெடுவது பானை ஓட்டுக்காக மட்டும் இல்லை.

அதனால் உங்கள் ஆட்களே முந்திக்கொள்ள வேண்டும். பங்குப் பேரவையில் உன் மச்சான் இருக்கிறார், பேசு. கெபியைத் தெற்கே, கொடிமரத்துக்கு அந்தப் பக்கம் வைக்கட்டும், இடம் தாராளமாக இருக்கிறது. ஃபாதர் கையெழுத்தில் தொல்லியல் துறைக்கு ஒரு கடிதம் போகட்டும். மயிலாடுதுறைப் பக்கம் செம்பியன் கண்டியூரில் 2006இல் கன்று வைக்கக் குழி தோண்டிய பள்ளி ஆசிரியர் கையில் கிடைத்த கற்கோடரியை மறைத்தா வைத்தார்? அதிலிருந்த நான்கு குறிகள் சிந்துவெளி எழுத்து என்று கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் சொல்லி, அந்தச் சின்ன ஊர் உலகத்துக்கே தெரிந்தது. நம்ம ஊருக்கு அந்த ஆசை இருக்காதா?

கெபிக்கு நீயும் பணம் அனுப்புவதாகக் கேள்வி. இடம் மாறினால்தான் அனுப்புவேன் என்று சொல், மின்விசிறிக்காரன் பேச்சுக்கு இப்போது மதிப்பு இருக்கிறது. ஆனால் சைக்கிள் விஷயத்தில் செய்த மாதிரி என் பெயரை இழுத்துவிடாதே. ஜேசிபி அடுத்த வாரம் வருகிறது, மச்சானிடம் இன்றைக்கே பேசிவிடு.

அன்புடன்,
முத்து