தொய்ந்த கம்பி

அன்புள்ள ஆசிரியருக்கு,

பத்தாம் வகுப்புச் செய்முறைத் தேர்வு நெருங்கும் நேரம் என்பதால் இதை எழுதுகிறேன். மோட்டாருக்குக் காயில் கட்டுவது என் தொழில். போன மாதம் என் மகள் ஆள்காட்டி விரலில் கொப்புளத்தோடு பள்ளியிலிருந்து வந்தாள். கம்பியின் மின்தடை எண், அதாவது அந்த உலோகம் மின்சாரத்தை எவ்வளவு தடுக்கிறது என்று காணும் சோதனையாம். ஹீட்டரில் வரும் நிக்ரோம் கம்பியைப் பத்து சென்டிமீட்டர் இழுத்துக் கட்டி, பேட்டரி எலிமினேட்டரில் (வீட்டு மின்சாரத்தைக் குறைந்த வோல்ட்டாக்கித் தரும் பெட்டி) 6 வோல்ட் கொடுத்திருக்கிறார்கள். சூடேறியதும் கம்பி தொய்ந்திருக்கிறது. அளவு மாறிவிடுமே என்று இவள் அதை நேராக்கப் போயிருக்கிறாள். "சிவக்கவே இல்லைப்பா, சுடும்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டாள்.

ஆசிரியர் மேல் எனக்குக் கோபமில்லை. அத்தனை பிள்ளைகளை ஒருவர் பார்த்துக்கொள்கிறார், கவனம் என்று பலமுறை சொல்லியும் இருக்கிறார். ஆனால் கம்பியை மாட்டும் முன்பே கணக்குப் போட்டிருந்தால் அந்தக் கொப்புளம் வந்திருக்காது.

கேஜ் என்பது கம்பியின் தடிமனைக் குறிக்கும் எண்; எண் குறையக் குறையக் கம்பி தடிக்கும். 28 கேஜ் நிக்ரோம் மீட்டருக்கு ஏறக்குறைய 10 ஓம். பத்து சென்டிமீட்டர் என்றால் 1 ஓம்தான். 6 வோல்ட்டில் அது 6 ஆம்பியர் கேட்கும், அதாவது 36 வாட். எலிமினேட்டர் பாதி மின்னோட்டம்தான் கொடுத்தது என்று வைத்துக்கொண்டாலும், விரல் நீளக் கம்பியில் 9 வாட் சூடு. 25 வாட் சாலிடரிங் அயர்னை வைத்தே நான் ஈயம் உருக்குகிறேன். அதே கம்பியை அரை மீட்டர் எடுத்து ஒரே ஒரு டார்ச் செல் மாட்டினால் 0.3 ஆம்பியர், அரை வாட்கூட வராது. சோதனைக்கு அதுவே தாராளம்.

கம்பியின் கேஜையும் முதலில் திருகு அளவியில் பார்க்க வேண்டும். செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் கொலுசுக்கு வெள்ளிக் கம்பி இழுப்பதைப் பார்த்த பிள்ளைகளுக்கு இது சட்டென்று புரியும். கம்பியை இரண்டு மடங்கு நீளத்துக்கு இழுத்தால் குறுக்குப் பரப்பு பாதியாகும், மின்தடை நாலு மடங்காகும். கம்பி தடித்தால் இதற்கு நேர்மாறு. 28 கேஜ் என்று நினைத்து 22 கேஜை மாட்டினால் மூன்று மடங்குக்கு மேல் மின்னோட்டம் பாயும்.

அப்புறம், எஃகு ஸ்கேல் மேல் வெறும் கம்பியைக் கிடத்தக் கூடாது, ஸ்கேல் வழியாகவே ஷார்ட் ஆகும். மர மீட்டர் ஸ்கேல் போதும். மின்சுற்றை இணைக்கும் சாவிக்குப் பதில் காலிங் பெல் சுவிட்ச் வைத்தால் அழுத்தும்போது மட்டும்தான் மின்சாரம் போகும். அளவு குறித்ததும் கையை எடுத்துவிடலாம். எலிமினேட்டரே வேண்டாம், அதன் வயர் நைந்திருந்தால் 230 வோல்ட்டே மேசைக்கு வந்துவிடும். செல்போன் பேட்டரி, பைக் பேட்டரியை வகுப்புக்குள் விடவே கூடாது. ஷார்ட் ஆனால் அவை கொட்டும் மின்னோட்டத்தைத் தொழிலில் கண்ணால் பார்த்தவன் நான்.

ஞாயிற்றுக்கிழமை மகளைப் பட்டறையில் உட்கார வைத்து இதே சோதனையைச் செய்யச் சொன்னேன். பலகையில் இரண்டு ஆணி, ஒரு செல், பெல் சுவிட்ச். 50 சென்டிமீட்டரில் தொடங்கி 100 வரை ஆறு அளவுகள். பத்துப் பத்தாகக் கூட்டக் கூட்ட ஏறக்குறைய ஒவ்வொரு ஓமாக ஏறியது. கட்டுப் போட்ட விரலால்தான் சுவிட்சை அழுத்தினாள். முடிந்ததும் கம்பியைத் தொட்டுப் பார்த்தேன். லேசான வெதுவெதுப்பு, அவ்வளவுதான்.

இப்படிக்கு,
மோட்டார் காயில் கட்டுபவர்,
அம்மாபேட்டை, சேலம்.