மலிவு லேப்டாப்பிலும் அந்தச் சிறு மூடி வேண்டும்

குறைந்த விலை லேப்டாப்களை வடிவமைக்கும் நிறுவனத்தாருக்கு,

வணக்கம். 2007 ஜூனில் தைபேயின் கம்ப்யூடெக்ஸ் கண்காட்சியில் ஆசுஸ் நிறுவனம் 'ஈ பிசி' என்ற சிறிய மலிவு லேப்டாப்பை அறிமுகப்படுத்தியது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். 199 டாலரில் தொடங்கும் என்றார்கள். கடைக்கு வந்தபோது விலை கூடியிருந்தது. ஆனாலும் மக்கள் தேடி வாங்கினார்கள். 7 அங்குலத் திரை, 512 எம்பி ரேம் (கணினி வேலை செய்யும்போது பயன்படுத்தும் நினைவகம்), 4 ஜிபி சேமிப்பகம், லினக்ஸ் இயங்குதளம், ஒரு கிலோவுக்கும் குறைவான எடை. 900 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடக்கூடிய செலரான் செயலியைக்கூட 630 மெகாஹெர்ட்ஸில்தான் ஓட்டினார்கள்.

இவ்வளவு எளிய கருவியில் ஒரு பெரிய மனது இருந்தது. கவிழ்த்துப் போட்டால் அடியில் ஒரு சிறு மூடி தெரியும். இரண்டு திருகாணிகளைக் கழற்றினால் ரேம் கைக்கு வரும். பழையதை உருவிவிட்டுப் பெரியதைச் செருகலாம். அந்த முதல் வரிசையின் மிக மலிவான மாடலுக்கு இந்த வசதி கிடையாது, சேமிப்பகமும் மாற்ற முடியாதபடி போர்டோடு பற்றவைக்கப்பட்டதுதான். ஆனால் பக்கவாட்டில் எஸ்டி கார்டு செருக இடம் விட்டிருந்தார்கள். வாங்கியவர் நாளை கொஞ்சம் காசு சேர்த்து இதை மேம்படுத்துவார் என்ற எண்ணம் அந்த வடிவமைப்பில் இருந்தது.

2008-இல் இத்தகைய சிறு லேப்டாப்களுக்கான இன்டெல் ஆட்டம் சில்லு வந்தது; ஏசர், டெல், எச்பி என எல்லோரும் களமிறங்கினார்கள். கூடவே மைக்ரோசாஃப்டின் கட்டுப்பாடுகளும் வந்தன. குறைந்த விலையில் விண்டோஸ் எக்ஸ்பி வேண்டுமென்றால் ரேம் 1 ஜிபியைத் தாண்டக் கூடாது, திரையும் சிறிதாகவே இருக்க வேண்டும். 2009-இல் மலிவுக் கணினிகளுக்கென வந்த விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர் பதிப்பில் திரையின் பின்னணிப் படத்தைக்கூட மாற்ற முடியாது. காசு கொடுத்து வாங்கியவர் தன் மகளின் படத்தைத் தன் திரையில் வைக்க முடியாமல் போனதை நினைத்தால் இன்றும் கோபம் வருகிறது. ஐபேட்தான் இந்த வரிசையை வீழ்த்தியது என்பார்கள். ஆண்டுக்கணக்கில் வளரவிடாமல் வைத்திருந்ததற்கும் அதில் பங்குண்டு என்பது என் கருத்து. 2013-இல் ஈ பிசி முடிந்தது.

அடுத்த ஆண்டே ஆசுஸிடமிருந்து 'ஈபுக்' என்று அதே பெயரின் சாயலில் ஒரு லேப்டாப் வந்தது. 2 ஜிபி ரேம், 32 ஜிபி சேமிப்பகம்; இரண்டும் பற்றவைக்கப்பட்டவை. மற்ற நிறுவனங்களும் இதே அளவில் செய்து விற்றன. விண்டோஸ் 10-இன் பெரிய அப்டேட் வரும்போதெல்லாம் இடம் போதவில்லை, பென் டிரைவைச் செருகு என்று இந்தக் கணினிகள் கேட்டன. விண்டோஸ் 11-க்குக் குறைந்தது 4 ஜிபி ரேமும் 64 ஜிபி சேமிப்பகமும் வேண்டும். விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விசைப்பலகையும் திரையும் நன்றாக இருக்கும் கணினி, மாற்ற முடியாத இரண்டு சில்லுகளால் முடங்குகிறது. அதிக விலைக்கு வாங்கியவர் அடுத்ததை வாங்கிக்கொள்வார். கடன் பட்டு முதல் கணினி வாங்கிய மாணவர் என்ன செய்வார்?

தன் குரோம் ஓஎஸ் இயங்குதளத்தில் ஓடும் குரோம்புக் லேப்டாப்களுக்குப் பத்து ஆண்டு அப்டேட் தருவதாக 2023-இல் கூகுள் அறிவித்தது. மனமிருந்தால் மலிவுக் கருவிக்கும் ஆயுளை நீட்டிக்க முடியும்.

அடுத்த மாடலில் ரேமுக்கு ஒரு செருகுமிடம், சேமிப்பகத்துக்கு ஒரு செருகுமிடம், சாதாரண திருப்புளியால் திறக்கும் மூடி ஆகியவற்றைக் கொடுங்கள். எந்த ஆண்டு வரை அப்டேட் கிடைக்கும் என்பதைப் பெட்டியின் மேல், விலை அச்சிடும் அதே அளவு எழுத்தில் அச்சிடுங்கள். இதனால் விலை சற்று ஏறுமென்றால் அதையும் வெளிப்படையாகச் சொல்லுங்கள். கொடுக்க நாங்கள் தயார்.

இப்படிக்கு,
மலிவு லேப்டாப்பில் வேலை செய்யும் ஒருவர்