பி4 என்றால் எது?

அன்பு மாப்ள,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. சத்துவாச்சாரியில் வெயில் வாட்டி எடுக்கிறது, மதியத்தில் குழாயைத் திறந்தால் வெந்நீர்தான். அம்மா நலம், படிக்கட்டைப் பார்த்தால் மட்டும் முழங்கால் முரண்டு பிடிக்கிறதாம்.

போன வாரம் ஒரு கூத்து. காவேரிப்பாக்கம் ஏரிப் பாசனத்தில் பயிர் எப்படி மாறி வந்திருக்கிறது என்று பார்க்க லேண்ட்சாட் 5, லேண்ட்சாட் 8 என்ற இரண்டு செயற்கைக்கோள்களின் படங்களையும் ஒன்றாக அடுக்கி என்டிவிஐ, அதாவது பயிரின் பசுமையைக் காட்டுகிற குறியீட்டெண், போட்டேன். 8 தொடங்குகிற 2013-லிருந்து எல்லாமே தலைகீழ். தளதளவென்று நிற்கிற நெல் வயல் ஏரித் தண்ணீர் மாதிரி மைனஸில், பாலாற்று மணல் பிளஸில்! இரண்டு ராத்திரி தூக்கம் போச்சு.

விஷயம் இவ்வளவுதான். செயற்கைக்கோள் ஒளியைப் பட்டை பட்டையாகப் பிரித்துப் பதிகிறது, ஒவ்வொரு பட்டையும் ஒரு பேண்ட், அதன் எண்தான் பி3, பி4 என்பது. என்டிவிஐ-க்கு அண்மை அகச்சிவப்பிலிருந்து சிவப்பைக் கழிக்க வேண்டும், 5-ல் அது பி4 கழித்தல் பி3. ஆனால் 8-ல் முன்னால் புதிதாக ஒரு நீல பேண்டைச் சேர்த்ததால் எண்கள் ஒன்று தள்ளிப்போய், பி4 சிவப்பாகவும் பி3 பச்சையாகவும் ஆகிவிட்டன, நான் சிவப்பிலிருந்து பச்சையைக் கழித்துக்கொண்டிருந்தேன். நம்ம இந்தியச் செயற்கைக்கோள் கேமரா லிஸ்-3-ல் வரிசையே பி2-ல்தான் ஆரம்பம், அதில் பி4 அண்மை அகச்சிவப்பு. ஐரோப்பியச் செயற்கைக்கோள் சென்டினல்-2-ல் பி4 சிவப்பு. கோப்பில் வெறும் எண்ணை மட்டும் எழுதி வைத்தவனும் நான்தான், யாரைத் திட்டுவது?

இப்போது ஒவ்வொரு பேண்டுக்கும் பொதுப்பெயர், மைய அலைநீளம், பட்டையின் அகலம் மூன்றையும் ஸ்டாக் (செயற்கைக்கோள் படங்களின் விவரங்களைப் பதியும் பொதுமுறை) முறைப்படி எழுதுகிறேன். அலகும் கூடவே இருக்க வேண்டும், ஒரே அலைநீளத்தை ஒருத்தர் மைக்ரோமீட்டரில் 0.865 என்பார், இன்னொருத்தர் நானோமீட்டரில் 865 என்பார். அகலத்தை விட்டுவிடாதே மாப்ள. 5-ன் அண்மை அகச்சிவப்பு 0.76-லிருந்து 0.90 மைக்ரோமீட்டர் வரை பரந்திருப்பதால் நடுவில் நீராவி உறிஞ்சுகிற இடமும் அதற்குள் வந்துவிடும், 8-ல் அதைத் தவிர்க்கத்தான் 0.85-லிருந்து 0.88 என்று சுருக்கினார்கள். மைய அலைநீளத்தை மட்டும் பார்த்தால் இது தெரியவே தெரியாது.

அப்புறம், கோப்பில் பேண்டுகளை அடுக்குகிற அச்சாக அலைநீளத்தையே வைத்துவிடலாம் என்று எழுதியிருந்தாயே, அதில் எனக்கு உடன்பாடில்லை. எமிட் என்கிற நாசா கருவி மாதிரி 285 பேண்ட் வரிசையாக நிற்கும்போது அது சரி. லேண்ட்சாட் 8-ல் 9-ஆவது பேண்ட் 1.37 மைக்ரோமீட்டர், அதாவது 5-ஆவது பேண்டுக்கும் 6-ஆவது பேண்டுக்கும் நடுவில் விழும். 8-ஆவது பேண்டோ பச்சை, சிவப்பு இரண்டின் மேலும் படுத்திருக்கும். அறிவியல் தரவுக் கோப்புகளுக்கான சிஎஃப் விதிப்படி அச்சின் மதிப்புகள் ஏறிக்கொண்டே போக வேண்டும், இல்லையென்றால் இறங்கிக்கொண்டே. அதனால் என் கோப்புகளில் பேண்ட் பெயர்தான் அச்சு, அலைநீளம் அதோடு ஒட்டிக்கொண்டு வரும் துணைத் தகவல்.

உன்னிடம் இருக்கும் பழைய லிஸ்-3 கோப்புகளை அனுப்பு, விவரங்கள் இருக்கும் ஹெடரோடு. ஆடியில் வருகிறேன் என்றாயே, வந்தால் இலவம்பாடி முள்ளுக்கத்திரிக்காய்க் குழம்பு வைப்பதாக அம்மா சொல்கிறாள்.

உன்,
பழைய அறைத்தோழன்