கார்த்திக்குக் கிடைத்த பல்டன்

வெலிங்டன், நீலகிரி

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் நேற்று மாலைத் தபாலில் வந்து சேர்ந்தது. கார்த்திக் பரங்கிமலை அகாடமியில் பயிற்சி முடித்து, தோளில் இரண்டு நட்சத்திரங்களோடு உங்கள் இருவருக்கும் நடுவில் நிற்கும் படத்தை வீட்டில் எல்லோரும் மாறி மாறி வாங்கிப் பார்த்தோம். எட்டாவது கூர்க்கா ரைபிள்ஸ் என்ற காலாட்படை ரெஜிமென்ட் கிடைத்திருக்கிறது என்று படித்ததும் எனக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. ஆனால் அடுத்த பத்தியிலேயே, பொறியாளர் பிரிவோ சிக்னல்ஸோ கிடைத்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும் என்றும், காலாட்படையில் பிள்ளை என்ன முன்னுக்கு வருவான் என்று தங்கை இரவெல்லாம் உறங்காமல் கிடப்பதாகவும் எழுதியிருக்கிறாய். மெட்ராஸ் ரெஜிமென்டில் இருபத்தெட்டு ஆண்டுகள் இருந்து சுபேதாராக ஓய்வு பெற்றவன் என்ற உரிமையில் இதற்கு விரிவாகவே பதில் எழுதுகிறேன்.

பதவி உயர்வுக் கணக்கு எளிது. இரண்டு ஆண்டில் கேப்டன், ஆறில் மேஜர், பதின்மூன்றில் லெப்டினன்ட் கர்னல். உரிய தேர்வுகளில் தேறினால் இவை காலம் பார்த்து வந்துவிடும். கர்னல் முதல் தேர்வுக் குழு வைத்துத்தான் எடுப்பார்கள், படிக்குப் படி இடம் குறையும், நல்ல அதிகாரிகள் பலர் அங்கேயே நின்றுவிடுவார்கள். கார்த்திக் எந்தப் படிவரை ஏறுவான் என்று இன்றைக்கு எவராலும் சொல்ல முடியாது. அவனுடைய ரெஜிமென்டின் கௌரவத் தலைமைப் பொறுப்பைப் பல ஆண்டுகள் வகித்தவரும், 1971 வங்கதேசப் போரில் நம் ராணுவத் தலைமைத் தளபதியாக இருந்தவரும், ஓய்வுக்குப் பின் எங்கள் குன்னூரிலேயே வாழ்ந்தவருமான ஃபீல்டு மார்ஷல் சாம் மானெக்‌ஷாவின் வாழ்க்கையை மட்டும் தங்கைக்கு எடுத்துச் சொல்.

1932-ல் டேராடூன் ராணுவ அகாடமி தொடங்கியபோது சேர்ந்த முதல் நாற்பது பேரில் அவர் ஒருவர். பின்னாளில் பாகிஸ்தான் ராணுவத்துக்கும் பர்மா ராணுவத்துக்கும் தலைமை ஏற்ற இருவர் அதே அணியில் படித்தவர்கள். 1942 பிப்ரவரியில், பர்மாவின் சிட்டாங் ஆற்றுப் பாலத்தருகே ஜப்பானியரை எதிர்த்துத் தன் கம்பெனியை முன்னின்று நடத்தியபோது, இயந்திரத் துப்பாக்கிக் குண்டுகள் அவர் வயிற்றைத் துளைத்தன. பிழைக்க மாட்டார் என்று நினைத்த ஜெனரல் கோவன், இறந்தவருக்கு மிலிட்டரி கிராஸ் என்ற வீரப் பதக்கத்தைக் கொடுக்க முடியாது என்பதால், தன் சட்டையிலிருந்த பதக்க நாடாவையே கழற்றி அங்கேயே அவருக்குக் குத்தினார். அவரை மருத்துவரிடம் தூக்கிச் சென்று காப்பாற்றியவர் அவருடைய ஆர்டர்லி ஷேர் சிங் என்ற சிப்பாய். அந்தச் சிப்பாய் இல்லையென்றால் 1971 போர் வேறு ஒருவர் கையில் இருந்திருக்கும். அதிகாரிக்கும் ஜவானுக்கும் இடையே என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

நம் கணக்குப்படி அவருடைய வளர்ச்சி நேர்க்கோட்டில் நடந்ததும் இல்லை. பிரிவினையில் அவருடைய ஃபிரான்டியர் ஃபோர்ஸ் ரெஜிமென்ட் பாகிஸ்தானுக்குப் போய்விட்டது. கூர்க்கா பல்டன் (பட்டாலியன்) ஒன்றுக்குத் தலைமை ஏற்க வேண்டியவர், காஷ்மீர்ச் சண்டை மூண்டதால் டெல்லித் தலைமையகத்திலேயே நிறுத்திக்கொள்ளப்பட்டார். அதனால் காலாட்படை அதிகாரி ஒவ்வொருவரும் கனவு காணும் பல்டன் தலைமை அவருக்குக் கடைசிவரை வாய்க்கவே இல்லை. எங்கள் பாரக்ஸிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் ஸ்டாஃப் கல்லூரிக்கு அவர் தலைவராக இருந்தபோது, பாதுகாப்பு அமைச்சர் கிருஷ்ண மேனனோடு ஏற்பட்ட மனத்தாங்கலுக்குப் பின், அவர் மீது விசாரணையே நடந்தது. குற்றமற்றவர் என்று முடிவான போதிலும், 1962 சீனப் போரில் நாம் தோற்றுப் பின்வாங்கிய பிறகுதான் அசாமின் தேஜ்பூரில் நான்காவது கோர் என்ற பெரும் படைப்பிரிவின் பொறுப்பு அவரிடம் வந்தது. அங்கே போனதும், எழுத்து மூலமான ஆணை இல்லாமல் எவரும் பின்வாங்கக் கூடாது, அப்படி ஓர் ஆணை ஒருபோதும் வரப்போவதும் இல்லை என்று அறிவித்தார்.

இந்த இடத்தில் என் கண்ணால் கண்டதைச் சொல்ல வேண்டும். நான் சிப்பாயாக இருந்த நாளில், முப்பது கிலோமீட்டர் நடையை முடித்து நாங்கள் மரத்தடியில் விழுந்து கிடந்தோம். பஞ்சாபிலிருந்து எங்கள் பல்டனுக்குப் புதிதாக வந்திருந்த லெப்டினன்ட் ஒருவர், தன் பூட்ஸைக்கூடக் கழற்றாமல், டார்ச்சும் கையுமாக ஒவ்வொருவர் முன்னாலும் முழங்காலிட்டு, காலுறையை உருவச் சொல்லி, விரலிடுக்கிலும் குதிகாலிலும் கொப்புளம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே வந்தார். என் குதிகாலில் தோல் உரிந்து காலுறையோடு ஒட்டியிருந்தது. "ஏன் தம்பி சொல்லலை?" என்று அப்போதுதான் கற்றிருந்த தமிழில் கேட்டுவிட்டு, தண்ணீர் ஊற்றி நனைத்துத் தானே பிரித்து எடுத்தார். எங்கள் முப்பது பேரின் கால்களையும் பார்த்து முடித்த பிறகே அவர் தேநீர்க் குவளையைத் தொட்டார். காலாட்படையில் இது எழுதாத சட்டம்.

1971 ஏப்ரலில் அமைச்சரவைக் கூட்டத்தில் நடந்ததாக மானெக்‌ஷா பிற்காலத்தில் பலமுறை சொன்னதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த டார்ச் வெளிச்சம்தான் நினைவுக்கு வரும். அன்று பாகிஸ்தானின் பகுதியாக இருந்த கிழக்கு வங்கத்துக்குள் உடனே புகுந்துவிட முடியுமா என்று பிரதமர் இந்திரா காந்தி கேட்டபோது, முடியாது என்றார். மழை தொடங்கினால் அங்கே ஆறுகள் கடலாகிவிடும், படைகள் நகர முடியாது, இமயக் கணவாய்கள் பனியால் மூடப்படும்வரை சீனாவையும் கவனிக்க வேண்டும் என்று விளக்கி, வேண்டுமானால் பதவி விலகுகிறேன் என்றும் சொன்னாராம். சேற்றில் நடக்கப்போகும் கால்களை எண்ணிப் பார்த்தவர்தான் அந்த அவையில் அப்படிப் பேச முடியும் என்பது என் திடமான எண்ணம். டிசம்பர் 3-ல் தொடங்கிய போர் 16-ஆம் தேதி டாக்காவில் முடிந்தது. பாகிஸ்தான் தரப்பில் ஏறத்தாழ 93,000 பேர் சிறைப்பட்டனர். சரணாகதிப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கும் பெருமையைக் கிழக்குக் கட்டளைத் தளபதி அரோராவுக்கே அவர் விட்டுக்கொடுத்தார்.

2008 ஜூன் 27 அன்று இங்கே வெலிங்டன் ராணுவ மருத்துவமனையில், தொண்ணூற்று நான்காம் வயதில் அவர் காலமானார். ஊட்டியில் பார்சிகளின் இடுகாட்டில், மனைவி சில்லூவின் அருகிலேயே அடக்கம் செய்தார்கள். டெல்லியிலிருந்து முப்படைத் தலைமைத் தளபதிகளில் ஒருவர்கூட வரவில்லை என்பது இன்றும் எனக்கு ஆறாத வருத்தம்.

கார்த்திக்கிடம் நேபாளி மொழியை இப்போதே தொடங்கச் சொல். கூர்க்காக்களிடம் அவர்கள் மொழியில் பேசாத அதிகாரியால் அவர்கள் மனத்துக்குள் நுழைய முடியாது. தங்கள் தலைமைத் தளபதிக்கே 'சாம் பகதூர்' என்று சொந்தப் பெயர் சூட்டியவர்கள் அவர்கள். முதல் விடுப்பில் வரும்போது மூவருமாக இங்கே வாருங்கள், ஊட்டிக்கு நானே அழைத்துப் போகிறேன். தங்கை அவன் பெட்டியில் ஊறுகாயும் முறுக்கும் அடுக்குவாள் என்று தெரியும். அவற்றோடு நல்ல கம்பளிக் காலுறை நான்கு ஜோடி கூடுதலாக வைக்கச் சொல். இரண்டு அவனுக்கு, இரண்டு அவன் பிளாட்டூனில் யாருக்காவது தேவைப்படும்.

என்றும் அன்புடன்,
ராமசாமி